அல்லா பிச்சை இறக்கிய கதவு

திருத்துறைப்பூண்டியில் வேதாரண்யம் பஸ் ஏறி, கீழமதகடிக்கு ஒரு டிக்கெட் என்று கேட்டால், "லஸ்கர் பாய் ஊரா?" என்று கண்டக்டர் திருப்பிக் கேட்பார். அந்த ஊரில் சிவன் கோயில் உண்டு, பள்ளிவாசல் உண்டு, உப்பளத்துப் பக்கம் ஒரு மாதா கோயிலும் உண்டு. மூன்றுக்கும் கிடைக்காத பேர் அல்லா பிச்சைக்குக் கிடைத்திருந்தது. பக்தியால் வந்த பேர் இல்லை, வாயால் வந்த பேர்.

வாய்க்காலில் கருவேல முள்ளை வெட்டிப் போட்ட ஒருவனை, அவன் மாமியார் வீட்டு விருந்துக்கே தேடிப் போய், இலை போட்ட பந்தியில் வைத்துத் திட்டியவர் அவர். ஜீப்பில் வந்த அதிகாரி ஒருவர் ஷட்டர் தூணில் சாய்ந்து சிகரெட் பற்றவைத்தபோது, "சார், இது பஸ் ஸ்டாண்டு இல்ல" என்று சொல்லிவிட்டு, அதற்காக மெமோவும் வாங்கிக்கொண்டார். ரம்ஜான் மாதத்திலும் அந்த வாய் ஓயாது. "நோன்பு வச்சிக்கிட்டு இப்படி ஏசினா நோன்பு செல்லுமா?" என்று மனைவி ஆமினா கேட்பாள். "செல்லலைன்னா அல்லா என்னைக் கேப்பான், நீ கஞ்சியப் பாரு" என்பார்.

லஸ்கர் என்றால் பாசனத் துறையில் ஷட்டர்களை ஏற்றி இறக்குகிற ஆள். திராவிடக் கட்சி முதல் தடவை கோட்டையில் ஏறிய கொஞ்ச நாளில் அல்லா பிச்சை அந்த வேலைக்கு வந்தார். கீழமதகடிக்குக் கிழக்கே, காவிரியின் கடைசிக் கிளை கடலைப் பார்க்கிற இடத்தில் ஒரு சின்னத் தடுப்பணை. ஊரார் அதை சட்ரஸ் என்பார்கள். மூன்று கண், மூன்று இரும்புக் கதவு, மேலே திருகு, திருகைச் சுற்ற ஒரு கைப்பிடி. கதவுக்கு மேற்கே நிற்பது நல்ல தண்ணீர், கிழக்கே நிற்பது உப்புத் தண்ணீர். ஆற்றில் வெள்ளம் வந்தால் கதவைத் தூக்க வேண்டும். கடல் ஓதம் ஏறினால் இறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுதானில் ஒரு தெருவின் சோறு இருந்தது.

அந்தத் தெரு வேம்புவின் தெரு, பண்ணைக் கூலிகள் குடியிருந்த தெரு. சட்ரஸை ஒட்டிப் பள்ளமாகக் கிடந்த வயல்கள் ஒரு காலத்தில் பண்ணையார் வைத்தியலிங்கத்தைச் சேர்ந்தவை. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, பிறக்காத பேரன் பேரிலும் செத்துப்போன அத்தை பேரிலும் பட்டா மாற்றி வைத்த குடும்பம் அது. வேம்புவின் ஆட்கள் சிவப்புக் கொடியை ஊன்றி வயலில் இறங்கினார்கள். போலீஸ் வந்தது, அடித்தது, அள்ளிக்கொண்டு போனது. கைக்குழந்தையோடு போன வேம்புவுக்கு முட்டியில் விழுந்த லத்தியடி, அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்காலத்திலும் வலித்தது. கடைசியில் எழுபதுகளில், அந்தப் பள்ளத்தை மட்டும் உபரி நிலம் என்று அரசாங்கம் பிரித்துக் கொடுத்தது. வேம்புவின் புருஷன் கோவிந்தராசு பேருக்கு மூன்று மா நிலம் வந்தது.

"எடுத்துக்கிட்டுப் போகட்டும், உப்புக் காட்டுல ரெண்டு போகம் பாத்துட்டு ஓடிடுவானுங்க" என்று வைத்தியலிங்கம் சொன்னது அல்லா பிச்சையின் காதில் விழுந்தது. ஓடவில்லை. கொளுஞ்சியும் ஆவாரையும் வெட்டி வந்து தழை உரமாக மிதித்தார்கள், குளத்து வண்டலை வாரிக் கொட்டினார்கள். கோவிந்தராசு பாம்பு கடித்துச் செத்தான்; வேம்பு வேலையை நிறுத்தவில்லை. நாலைந்து வருஷத்தில் மண் இனித்தது. பண்ணை மேட்டு வயலில் விளையாத கதிர் அந்தப் பள்ளத்தில் விளைந்தது. வைத்தியலிங்கம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். தன் நிலம் போனதைவிட, அது அவர்கள் கையில் விளைந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அல்லா பிச்சைக்கு அந்த வயல் மேல் ஒரு பிடிப்பு. ஒரு அங்குல நிலம்கூட அவருக்குச் சொந்தமில்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் கரையில் நின்று பயிரின் நிறத்தைப் பார்ப்பார். நுனி கருகினால் அன்றைக்கு அவரோடு யாரும் பேச முடியாது.

ஊரே அந்த இரும்புக் கதவைக் கும்பிட்டது. அதுதான் அவருக்கு முதலில் பெருமையாகவும் பிறகு எரிச்சலாகவும் இருந்தது. ஆற்றில் புதுத் தண்ணீர் வந்ததும் குருக்கள் வந்து ஷட்டருக்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டுவார். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஊதுபத்தி கொளுத்தி ஃபாத்திஹா ஓதுவார். மாதா கோயில் ஃபாதர் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துத் தீர்த்தம் தெளிப்பார். மூன்று வேதக்காரர்களும் ஒரே இரும்பைக் கும்பிடுகிற ஊர் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சிக்கொண்டு போவார்கள். அவர்கள் போன பிறகு, திருகில் உருகி வழிந்த மெழுகையும், மரைக்குள் புகுந்து கட்டிதட்டிய சந்தனத்தையும், தேங்காய்த் தண்ணீர் பட்டுப் பூத்த துருவையும் சுரண்டுகிறவர் அல்லா பிச்சை.

"எல்லா மதத்துக்காரனும் இதுக்குப் பொட்டு வக்கிறான். ஒரு மதத்துக்காரனாவது ஒரு டப்பா கிரீஸ் வாங்கிக் கொடுத்தானா?" என்று டீக்கடையில் கத்துவார். சிரிப்பார்கள். சிரிக்கச் சிரிக்க அவருக்கு ஏறும்.

தொண்ணூறுகளில் காவிரிச் சண்டை முற்றியது. கர்நாடகம் தண்ணீர் தரவில்லை. மேட்டூர் காலத்தில் திறக்கவில்லை. ஆற்றில் மணல் மட்டும் ஓடியது. அதே நாட்களில்தான் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. நெல் விளைந்த இடத்தைத் தோண்டி, கடல் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றி, இறால் வளர்த்து ஜப்பானுக்கு அனுப்பினால் கொட்டோ கொட்டென்று கொட்டும் என்றார்கள். வைத்தியலிங்கம் அதற்குள் ஆளுங்கட்சியில் ஒன்றியப் பொறுப்புக்கு வந்திருந்தார். மேடையில் சாமி இல்லை என்பார், வீட்டில் சத்யநாராயண பூஜை செய்வார். பள்ளிவாசல் ஜமாஅத் தலைவர் மூஸாவை, துபாயில் இருக்கிற மகன்களின் சம்பாத்தியத்தோடு, கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். பண்ணைக்கு அவர்கள் பார்த்து வைத்த இடம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. வேம்புவின் தெருவில் ஒருவரும் விற்கவில்லை. சோறு விளைகிற நிலத்தை யார் விற்பார்கள்? சோறு விளையாமல் போனால்தான் விற்பார்கள்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டு நெருங்கியபோது, ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று அல்லா பிச்சைக்குத் தெரியும், நிரூபிக்க முடியாது. காவிரித்தாய் கடலில் போய்ச் சேர வேண்டிய நாளில், லஸ்கர் பாய் கதவை இறக்கி வைத்துவிடுகிறார், வழி மறித்த வீட்டுக்கு அம்மா எப்படி வருவாள் என்பது பேச்சு. பெருக்கு நாளில் கதவைத் தூக்கி வைப்பது பழைய வழக்கம்தான். தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகிற வருஷங்களில் தூக்காமல் இருந்தால்தான் தப்பு. ஆனால் ஆறே இல்லாத வருஷத்தில் கதவைத் தூக்கினால் போவதற்கு அம்மா ஏது? கடல்தான் உள்ளே வரும். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று அல்லா பிச்சை நினைத்தார். பஞ்சம் வந்த ஊரில் அது யாருக்கும் தெரியாமல் போனது.

வேம்புவின் தெருவில் குளத்துத் தண்ணீரை இறைத்து நாற்றங்கால் விட்டிருந்தார்கள். விரற்கடை உயரம் வந்திருந்தது நாற்று. குளமும் நாற்றங்காலும் வாய்க்காலோடு ஒட்டியவை. உப்பு வாய்க்காலுக்குள் வந்தால் இரண்டும் போச்சு, நிலமும் போச்சு. வேம்புவைப் பார்த்து அதைச் சொல்லப் போனார்.

"நீங்க சொல்றது சரிதான் பாய்" என்றாள் வேம்பு. "ஆனா அம்மா வராமயே போயிட்டா அந்த நாத்த வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? ஒரு நாளுதானே. வழி விட்டுப் பாப்பமே."

"ஆத்துல தண்ணி இல்லடி. யாருக்கு வழி விடப் போற?"

"தண்ணி இல்லைன்னாலும் அம்மா இருப்பா" என்றாள். அவருக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கோபம் வைத்தியலிங்கத்தின் மேல் வந்தது. நெஞ்சு காய்ந்த ஒரு மனுஷியின் நம்பிக்கையைக் கயிறாகத் திரித்து, அவள் கழுத்துக்கே அதைப் போடுகிறானே என்று பல்லைக் கடித்தார்.

கதவை இறக்கியே வைக்க ஆபீசில் எழுத்து மூலமாக உத்தரவு கேட்டார். தரவில்லை. சரி, சாமிக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் சொன்னால் ஊர் கேட்கும் என்று புறப்பட்டார்.

குருக்கள் விபூதி மடித்துக்கொண்டிருந்தார். "வாரும் பாய். இரும்பு, மனுஷன் பண்ணினது; காவேரி, பகவான் பண்ணினது. இது அதை மறிக்கலாமோ?" என்றார்.

"நீங்கதானே சாமி அந்த இரும்புக்கே மாலை போட்டீங்க? மாலை போட்டப்ப அது சாமி, மூடறப்ப இரும்பா?"

குருக்கள் அடுத்த பொட்டலத்தை மடித்தார். கோயிலுக்குப் புதுக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. சிமெண்டு மூட்டைகளில் வைத்தியலிங்கத்தின் லாரி பெயர் இருந்தது.

ஃபாதர் நல்ல மனுஷர். உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, ஆண்டவர் இந்தப் பூமியை மனுஷன் ஆளும்படிக் கொடுத்திருக்கிறார், அறிவும் மெஷினும் அவர் தந்ததுதான், ஆனால் தோட்டக்காரன் மாதிரி ஆள வேண்டும், கொள்ளைக்காரன் மாதிரி ஆளக் கூடாது என்று அழகாகச் சொன்னார். "இதை வெளியில வந்து சொல்லுங்க ஃபாதர்" என்றார் அல்லா பிச்சை. ஃபாதர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். தம் சபையில் இருப்பவர்கள் மீன்பிடிக்கிற ஏழைகள், பண்ணையில் வேலை தருவதாகப் பேச்சு இருக்கிறது, யோசித்துத்தான் பேச வேண்டும் என்றார். டீ ஆறிவிட்டது.

ஹஜ்ரத்திடம் கடைசியாகப் போனார். அவர் படித்தவர், மென்மையாகப் பேசுகிறவர். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் போன பிறகு, அல்லா பிச்சை பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஹஜ்ரத், ஓடற ஆத்துல நின்னு கை கால் கழுவி ஒளு செஞ்சாலும் தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

"ஆமா. தண்ணி எல்லாருக்கும் பொது. இந்தப் பூமி நமக்கு அமானிதம். கொடுத்தவன் திருப்பிக் கேக்கறப்ப கெடாம ஒப்படைக்கணும். உப்புத் தண்ணிக்கும் நல்ல தண்ணிக்கும் நடுவுல அவன் ஒரு தடுப்பு வச்சிருக்கான்."

"அந்தத் தடுப்புக்குத்தான் நான் கிரீஸ் போட்டுக்கிட்டு இருக்கேன். இந்த வெள்ளிக்கிழமை பயான் பேசறப்ப ஜனங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

ஹஜ்ரத் தஸ்பீஹ் மணியை உருட்டினார். "மூஸா தலைவரா இருக்காரு. என் சம்பளம் அவரு கையில. அதுவும் போவட்டும். பதினெட்டாம் பெருக்கு அவங்க நாளு. அன்னிக்கு ஒரு முஸ்லிம் கதவ மூடினான்னு பேரு வந்தா, நாட்டு நெலமை என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா? பள்ளிக்கு ஏதாவது ஆனா யாரு பதில் சொல்றது?"

அந்தப் பயம் பொய் இல்லை. அயோத்தியில் பள்ளிவாசல் இடிக்கப்பட்டு ரொம்ப நாள் ஆகவில்லை. அல்லா பிச்சைக்கும் அந்தப் பயம் இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நியாயம் மூன்று பேரிடமும் இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது; ஒருவரும் அதை வாசல் தாண்டி எடுத்து வரத் தயாராக இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்ப அமானிதம் பள்ளிவாசல் செவத்தோட முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஆடிப் பதினெட்டு விடிந்தது. சட்ரஸில் கால் வைக்க இடமில்லை. ஆபீசிலிருந்து வந்த அதிகாரி, "தூக்கிடுங்க பாய், கலாட்டா ஆயிடும். மத்தியானத்துல எறக்கிக்கலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார். மூஸா காதோடு, "நம்ம ஜனங்கள நெனச்சுப் பாரு" என்றார். "நெனக்கிறேன் காக்கா. நீங்கதான் நெனக்கல" என்று அவரை அண்ணன் முறை வைத்தே சொன்னார் அல்லா பிச்சை. ஆனாலும் தூக்கினார். மூன்று கதவும் ஏறியது. திருகுகளில் பெண்கள் மஞ்சள் கயிறு கட்டினார்கள். இரண்டு பக்கமும் வாழை கட்டினார்கள்.

அப்போது கடல் வற்றம், தண்ணீர் உள்வாங்கியிருந்த நேரம். வாய்க்காலில் தேங்கியிருந்த கொஞ்சநஞ்ச நல்ல தண்ணீர் சலசலவென்று கிழக்கே ஓடியது. காதோலை கருகமணியும் பூவும் முளைப்பாரியும் அதில் மிதந்து போயின. குலவை எழுந்தது. "பாத்தீங்களா பாய், அம்மா போறா" என்று வேம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது அம்மா இல்லை, உன் நாற்றுக்கு இருந்த கடைசித் தண்ணீர் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கலைந்தவர்கள் திரும்பி வந்தபோது, போன பூவெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. கிழக்கிலிருந்து மேற்கே, ஆற்றுக்கு எதிராக, மாலைகளும் கருகமணியும் மெதுவாக உள்ளே வந்தன. கூட்டம் கரையோரம் நெருங்கி வந்து பார்த்தது. பிறகு யாரோ, "அம்மா திரும்பிப் பாக்கறா" என்றார்கள். கரை முழுக்கக் கைகள் தலைக்கு மேல் கூடின. வைத்தியலிங்கமும் கும்பிட்டார்.

அல்லா பிச்சை இறங்கித் தண்ணீரை அள்ளி வாயில் வைத்தார். துப்பினார். "கடல்" என்றார். "கடல் வருது. வேம்பு, நாக்குல வச்சுப் பாரு. ஒரு சொட்டு வச்சுப் பாரு."

"அம்மாவை எச்சில் பண்ணச் சொல்றீங்களா?" என்றாள் வேம்பு. அவள் முகத்தில் அப்படி ஒரு அருவருப்பை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. பெருக்கு நாளில், மஞ்சள் கரைத்த தண்ணீரை, படைத்த பூ மிதக்கிற தண்ணீரை நக்கிப் பார்க்க அந்த ஊரில் யாருக்குத் துணிச்சல் வரும்? அத்தனை பேர் நின்றார்கள், ஒரு நாக்குகூட நீளவில்லை. உப்பு அவர்கள் கண் எதிரே, அவர்கள் கும்பிடக் கும்பிட, வயலைப் பார்த்துப் போனது.

அவர் அதிகாரியைத் தேடினார். ஜீப் போயிருந்தது. மேலே ஏறி, இடுப்புக் கத்தியை எடுத்து மஞ்சள் கயிற்றை அறுத்தார். அறுத்த சத்தம் எல்லோருக்கும் கேட்ட மாதிரி கரையில் ஒரு ஓலம் எழுந்தது. கைப்பிடியை மாட்டிச் சுற்றினார். யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள், உதறினார். ஒரு தேங்காய் வந்து நெற்றியில் பட்டது. ரத்தம் கண்ணில் இறங்கியது, சுற்றினார். முதல் கதவு இறங்கியது, இரண்டாவது இறங்கியது. மூன்றாவது கதவில் மாட்டிய கைப்பிடியை வேம்பு கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"விடு."

"மாட்டேன். அம்மா வழிய மறிக்காதீங்க."

"ஒன் நாத்து சாவுதடி."

அவள் அறைந்தாள். ஓங்கி, கன்னத்தில், எல்லோரும் பார்க்க. அவர் அவளைத் தள்ளிவிட்டுச் சுற்றினார். கதவு பூவையும் வாழையையும் நசுக்கிக்கொண்டு தரையில் போய் உட்கார்ந்தது.

நாற்று பிழைத்தது. ஓரத்தில் நாலு பாத்தி மட்டும் மஞ்சள் பூத்துச் செத்தது, மற்றது நின்றது. ஐப்பசியில் மழை வந்தது, வேம்பு நட்டாள், தையில் அறுத்தாள். அதற்குள் அல்லா பிச்சைக்கு சஸ்பென்ஷன், விசாரணை, பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் மாற்றல் எல்லாம் ஆகிவிட்டது. உத்தரவில்லாமல் கதவை இறக்கினார் என்று குற்றச்சாட்டு. எழுத்தில் உத்தரவில்லாமல் ஏற்றச் சொன்னதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பிற மதத்தாரின் மனதைப் புண்படுத்தினார் என்று மூஸாவின் ஜமாஅத்தும் ஒரு தீர்மானம் போட்டது. ஆமினா அந்த வருஷம் பெருநாளைக்கு யார் வீட்டுக்கும் போகவில்லை.

அடுத்த ஆடிக்கு, புது லஸ்கர் சொன்னபடி கேட்கிறவர். பதினெட்டுக்குத் தூக்கிய கதவை ஆடி முடியும்வரை அவர் இறக்கவில்லை. இறக்கச் சொல்லி யாரும் அவரைத் தொந்தரவு செய்யவும் இல்லை. குளத்தில் மீன் செத்து மிதந்தது. நாற்றங்கால் வெந்தது. வயலில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. வேம்பு அப்போதுதான் குளத்துத் தண்ணீரை அள்ளி வாயில் வைத்தாளாம். அன்றைக்கே பஸ் ஏறிப் பட்டுக்கோட்டைக்கு வந்தாள்.

வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "இங்க வந்து ஒக்காந்துக்கிட்டு என்ன பண்றீங்க பாய்?" என்று அவர் மேலேயே பாய்ந்தாள். "ஒரு அறைக்கு ஊர விட்டு ஓடி வர்ற ஆளா நீங்க?" ஆமினாவுக்கு முகம் சிவந்தது. அல்லா பிச்சைக்கு மட்டும், ஒரு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நெஞ்சில் இளகியது. அவள் கோபம் நியாயமான கோபம்; தன்னுடையதைப் போல. அவளுக்குச் சோறு போடச் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள், கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள், போலீஸ் தூக்கியபோது ஒரே வேனில் போனார்கள். அப்படியும் வேம்புவின் தெரு ஒவ்வொரு வீடாக நிலத்தை எழுதிக் கொடுத்தது. சுற்றிலும் இறால் குளம் வெட்டி, நடுவில் அவள் மூன்று மா தீவாக நின்றது. அதிலும் புல்கூட முளைக்காமல் போன பிறகு, அவளும் கைநாட்டு வைத்தாள். பிறகு அதே இடத்தில், தன் வரப்பு இருந்த இடத்தில், இறாலுக்குத் தீனி போடுகிற கூலிவேலைக்குப் போனாள்.

அல்லா பிச்சை ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய வருஷம், பண்ணைக்குப் பெரிய மோட்டார் வந்தது. கடலிலிருந்து நேராகத் தண்ணீர் இழுக்கிற மோட்டார். திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள், கட்சிக் கொடி கட்டினார்கள். ஊர் ஒற்றுமை கெடக் கூடாது என்று மூன்று மதத்துக்கும் இடம் வைத்தார்கள். ஆமினா போக வேண்டாம் என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

குருக்கள் மோட்டாருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஹஜ்ரத் வந்து, தொழில் பெருக, வளம் பெருக என்று துஆ ஓதினார். முஸ்லிம்கள் எல்லோரும் கை ஏந்தியிருந்தார்கள். அல்லா பிச்சையின் கைகள் மட்டும் பக்கவாட்டில் தொங்கின. ஓதி முடித்த ஹஜ்ரத்துக்கு அது உறுத்தியிருக்க வேண்டும்.

"நீங்க கை ஏந்தலையே அல்லா பிச்சை பாய்?" என்றார் தாழ்ந்த குரலில்.

"நீங்க முடிங்கன்னு இருந்தேன்" என்றார் அவர். பிறகு இரண்டு கையையும் ஏந்தினார். பந்தல் கடைசிவரை கேட்கிற மாதிரி, பிசிறில்லாத தமிழில் கேட்டார்.

"ரப்பே, இந்த மோட்டாரு நல்லா ஓடணும்னு மூணு பேரு ஒன்கிட்ட கேட்டுட்டாங்க. நான் ஒருத்தன் வேற மாதிரி கேக்கறேன். இது ஓடக் கூடாது. ஒரு நாளும் ஓடக் கூடாது. மீறி ஓட்டினா, ஓட்டறவன் குடிக்கற தண்ணி அவன் தொண்டையில உப்பா நிக்கட்டும். ஒன் பேரச் சொல்லி, சாமி பேரச் சொல்லி, ஏழை வாயில மண்ணப் போட்டவங்க யாரையும் விட்டுடாதே. என்னையும் விடாதே. அன்னிக்குக் காலையில கதவத் தூக்கினது என் கை."

வைத்தியலிங்கத்தின் கை சுவிட்சுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. மூஸா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு துஆவுக்கு, அப்படியே ஆகட்டும் என்று சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்ல அந்தப் பந்தலில் ஒரு முஸ்லிமுக்கும் தைரியம் இல்லை.

பந்தலுக்கு வெளியே, வெயிலில், தீனிக் கூடைகளோடு கூலியாட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வேம்பு கூடையைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். ஏந்திய கைகளில் இறால் தீனி ஒட்டியிருந்தது.

"ஆமீன்" என்றாள், எல்லோருக்கும் கேட்க.